அம்மா பேசி முடிக்கும்வரை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் இப்போதெல்லாம் பேச்சு சர்க்கரையில் தொடங்கி முழங்காலில் முடிகிறது. போன மாதம் அப்படிக் கூடியபோது ஒரு தோழி தன் மாமனாரைப் பற்றிச் சொன்னாள். பக்கவாதம் வந்து பிழைத்துக்கொண்டாராம். பேச்சு மட்டும் குழறுகிறதாம்.

"பாவம், அவருக்கு ஒண்ணும் புரியறதில்ல" என்றாள்.

புரியவில்லை என்று யார் சொன்னது எனக் கேட்டேன்.

"பேச்சே சரியா வரலையே!" என்றாள், நான் ஏதோ குழந்தைத்தனமாகக் கேட்டுவிட்டதைப் போல.

வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு மனசு ஆறவில்லை. அவளிடம் அன்றைக்குச் சொல்ல வராததை உங்கள் எல்லோருக்குமாக இப்போது எழுதுகிறேன். இது என் அம்மாவின் கதை. இடையிடையே பெருமை அடித்துக்கொள்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்குப் பத்து, பதினொரு வயது இருக்கும். மலையாள நாட்டில், பொன்முடிக்கு ஏறும் சாலையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைக்கு நடுவே போகும் மண் பாதையில் நடந்தால் எங்கள் லைன் வரும். ஒரே நீளக் கூரைக்கடியில் வரிசையாகத் தடுத்த வீடுகள். ஆளுக்கு ஓர் அறை, ஓர் அடுப்பங்கரை. எஸ்டேட்டில் வேலை இருக்கும்வரை வீடும் இருக்கும். அம்மா கொழுந்து கிள்ளினாள். அப்பாவுக்கு எஸ்டேட் ஃபேக்டரியில், கொழுந்தை வாட்டுகிற மாடியில் வேலை. அவர் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டாலும் வாடிய இலையின் மணம் போகாது. இன்றைக்கும் எங்காவது அந்த மணம் வந்தால் நான் திரும்பிப் பார்க்கிறேன்.

அம்மாவுக்கு வாய் ஜாஸ்தி என்று லைன் முழுக்கச் சொல்லும். சொல்லிவிட்டுச் சிரிக்கும். ஒருமுறை மலைச்சரிவில் பெண்கள் பேசிக்கொண்டே கிள்ளுவதைப் பார்த்து சூப்பர்வைசர் சத்தம் போட்டாராம். அம்மா கையை நிறுத்தாமல், "கைக்குத்தானே சாரே கூலி குடுக்கீங்க. வாய்க்கும் சேத்துக் குடுங்க, அதையும் மூடிக்கிறோம்" என்றாளாம். அந்த மனிதர் குடையை விரித்துக்கொண்டு அடுத்த சரிவுக்குப் போய்விட்டார். வெயில் அடித்துக்கொண்டிருந்த நாள் அது என்பதை யாரும் சொல்ல மறப்பதில்லை.

அப்பா நேர்மாறு. பேச வேண்டியதை எல்லாம் அம்மா பேசிவிடுவதால் அவருக்கு அந்தப் பழக்கமே வரவில்லை. ரேஷன் கடையானாலும் பள்ளிக்கூடமானாலும் அம்மா முன்னால் நிற்பாள். அவர் பின்னால் நின்று தலையாட்டுவார்.

அந்த வருஷம், வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழை ஆனியிலும் நிற்காமல் கொட்டியது. பெண்கள் தலையில் கம்பளியை மடித்துப் போட்டு, இடுப்பில் படங்கு என்கிற முரட்டுச் சாக்கைக் கட்டிக்கொண்டு மலையேறுவார்கள். சாயங்காலம் அடுப்புக்கு மேலே கொடியில் அந்தக் கம்பளியைக் காயப்போடும்போது வீடெல்லாம் நனைந்த ஆட்டின் வாசனை அடிக்கும். அப்படி ஒரு நாள், முதுகில் நிறைந்த மூட்டையோடு இறங்கும்போது அம்மாவின் கால் வழுக்கியது. பின்மண்டை வாய்க்கால் ஓரத்துக் கல்லில் அடித்தது. எஸ்டேட் ஜீப்பில் போட்டுக் கீழே கொண்டுபோனார்கள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது வாசலில் அவளுடைய ரப்பர் செருப்பு ஒன்று மட்டும் கிடந்தது. மற்றது சரிவிலேயே போய்விட்டது.

நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரியில் தலையைத் திறந்து கட்டியிருந்த ரத்தத்தை எடுத்தார்கள். என்னைப் பார்க்க விட்டபோது அம்மாவுக்குத் தலையில் முடி இல்லை. கண் மட்டும் அதே கண். என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள். ஓர் எழுத்து வெடித்துக்கொண்டு வந்தது. அடுத்தது உள்ளேயே விழுந்தது. அதற்கடுத்தது இழுபட்டு எங்கோ போனது. அப்பா குனிந்து, "தண்ணியா? வலிக்கா?" என்று கேட்டார். அம்மா மறுபடி சொன்னாள். எனக்கு மட்டும் புரிந்தது.

"ஸ்கூலுக்கு லீவு போட்டியான்னு கேக்கா" என்றேன்.

அம்மா கண்ணை மூடித் தலையசைத்தாள். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

டாக்டர் இளைஞர். மலையாளத்தில்தான் சொன்னார், ஆனால் நிதானமாகச் சொன்னார். அடி பட்டது மூளையின் பின்பக்கம். புத்திக்கும் நினைவுக்கும் ஒன்றும் ஆகவில்லை. சொல்ல வேண்டிய சொல் அவளுக்குத் தெரியும். நாக்கு, உதடு, தொண்டை, மூச்சு எல்லாம் ஒரே நேரத்தில் ஒத்து நடந்தால்தான் அந்தச் சொல் வெளியே சரியாக வரும். அவற்றை ஒத்து நடக்கவைக்கிற இடத்தில்தான் கேடு. நடையும் அதனால்தான் தள்ளாடுகிறது. பயிற்சி செய்தால் தேறும், பழையபடி முழுக்க வருமென்று வாக்குத் தர முடியாது. அவ்வளவுதான் சொன்னார். அப்பா கடைசி வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மலைக்குத் திரும்பினார். லீவு தீர்ந்துவிட்டது.

பயிற்சிக்காக அம்மாவும் நானும் நகரத்திலேயே தங்கினோம். தம்பானூரில் லாட்ஜுகளுக்குப் பின்னால் சித்திக்கு ஒற்றை அறை இருந்தது. சித்தப்பா ஒரு தமிழ் ஹோட்டலில் சரக்கு மாஸ்டர். விடியும்போதே ஸ்டேஷன் அறிவிப்பும், பஸ் ஹார்னும், பக்கத்துச் சுவருக்குப் பின்னால் மாவரைக்கும் கிரைண்டரும் சேர்ந்து கேட்கும். மலையில் மழைச் சத்தம் மட்டும் கேட்டு வளர்ந்த எனக்கு அது திருவிழா மாதிரி இருந்தது.

சித்தி நல்லவள். ஆனால் அம்மாவிடம் பேசும்போது தெரு முழுக்கக் கேட்கும்படி கத்துவாள். "அக்காஆ! கஞ்சி! கஞ்சி வேணுமாஆ!" அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள். சித்திக்கு அதன் அர்த்தம் விளங்கவில்லை. "பாவம், தலவலிக்கி போல" என்று தைலம் எடுத்துவருவாள். தண்ணீர் வேகமாகக் குடித்தால் அம்மாவுக்குப் புரையேறும். கஞ்சியைக் கெட்டியாக வைத்து, தலையைக் கொஞ்சம் குனிந்து, ஸ்பூன் ஸ்பூனாக விழுங்கக் கற்றுக்கொண்டாள். வாயோரம் எச்சில் ஒழுகுவது அவளுக்குத் தெரியாது. நான் துண்டு வைத்துக்கொண்டே இருப்பேன்.

முதல் நாள் ஆஸ்பத்திரிக்கு சித்தி கூட வந்தாள். இரண்டாம் நாள் நாங்கள் இருவர் மட்டும். கிழக்கேகோட்டைக்குப் போய் அங்கிருந்து ஆஸ்பத்திரி பஸ். அம்மா கம்பியைப் பிடித்து நின்றாள். கண்டக்டர் வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாவே கேட்டாள். "ரெண்டு" என்பதில் பாதி வந்தது. இறங்கும் இடத்தின் பெயர் கொழகொழத்து வழிந்தது. அப்போது பஸ் ஆடியது. அவளும் ஆடினாள்.

"சேச்சி ராவிலே தன்னே வீசியோ?" என்றார் கண்டக்டர். காலையிலேயே குடித்துவிட்டு வந்துவிட்டாளா என்று கேட்கிறார். பின் சீட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஒரு பெண் எழுந்து தன் பிள்ளையை மறுபக்கம் இழுத்துக்கொண்டாள்.

நான் அழுதுகொண்டே டிக்கெட் வாங்கினேன். அம்மா அழவில்லை. அந்தக் கண்டக்டர் முன்னால் போகும்வரை அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பயிற்சி அறை ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்தில், மாடிப்படிக்கடியில் இருந்தது. டெட்டால் வாடை. சுவரில் பெரிய கண்ணாடி. பயிற்சி தந்த டீச்சர் எல்லையோரப் பாறசாலைப் பக்கத்துக்காரி. அவள் பேசும் தமிழில் பாதி மலையாளம். வெள்ளைக் கோட்டுக்குக் கீழே சேலையின் கரை தெரியும். நாங்கள் நுழைந்ததும் அம்மா உட்காரக்கூட இல்லை. ஏதோ சொன்னாள். டீச்சர் என்னைப் பார்த்தாள்.

"பஸ்ஸுல டிக்கெட் கேக்கச் சொல்லிக் குடுக்கணுமாம்" என்றேன்.

"அது படிக்கலாம். ஆனா மோளே, நீ இனி மிண்டாதே, பேசாதே. அம்ம தன்னே சொல்லட்டும்."

"எனக்குப் புரியுமே."

"அறியாம், தெரியும். நெனக்குப் புரியும். கண்டக்டருக்கும் புரியணும் அல்லே?"

எனக்குக் கோபம் வந்தது. அந்த ஒரு மாதத்தில் அம்மாவின் பேச்சு புரிகிற ஒரே ஆள் நான் என்பதில் எனக்கு எத்தனை பெருமை! டீச்சர் என்னை மூலையில் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, கையில் ஒரு டேப் ரிக்கார்டரைக் கொடுத்துவிட்டாள். சிவப்புப் பொத்தானையும் கறுப்புப் பொத்தானையும் சேர்த்து அமுக்குவதுதான் என் வேலை.

பயிற்சி என்றால் நான் ஏதோ பாடப்புத்தகம் மாதிரி நினைத்திருந்தேன். முதல் வாரம் மூச்சுதான். வயிற்றில் கை வைத்து இழுத்து, "ஆ" என்று நீட்டவேண்டும். நடுங்காமல், திடீரென்று உயராமல் நீட்டவேண்டும். பிறகு கண்ணாடி பார்த்து நாக்கை மேலே, கீழே, கன்னத்துக்குள். உதட்டை இறுக்கி "ப ப ப", நாக்கு நுனியால் "த த த", அடிநாக்கால் "க க க". அப்புறம் மூன்றையும் கோத்து "ப-த-க, ப-த-க". நல்ல நாக்குள்ளவர்கள் இதைக் கடகடவென்று சொல்லலாம். நானும் சொல்லிப் பார்த்தேன், சர்ரென்று வந்தது. அம்மாவுக்கு "ப" வந்தால் "த" முட்டும், "த" வந்தால் "க" காணாமல் போகும். நெற்றி வியர்க்கும். விறகு வெட்டியவள் மாதிரி உட்கார்ந்திருப்பாள்.

டீச்சர் ஒருநாள் அட்டையில் கட்டங்கள் வரைந்து மேசையில் வைத்தாள். ஒரு கட்டத்துக்கு ஒரு சொல். விரல் அடுத்த கட்டத்துக்குப் போன பிறகுதான் அடுத்த சொல்.

"வேகமாப் பேசின ஆளு அல்லே நிங்கள்? அதான் கஷ்டம். மனசு பழைய வேகத்தில ஓடுது. நாக்கு பின்னாடி வந்து இடிச்சு விழுது. மெல்லப் போங்க. கேக்கிற ஆளு நிக்கட்டும்."

அம்மா கட்டத்தில் விரல் வைத்தாள்.

"நிக்க... மாட்டாங்களே."

"நிக்கவைக்கணும்" என்றாள் டீச்சர்.

இன்னொரு நாள் "ழ" பயிற்சி. டீச்சர் வாழைப்பழப் படத்தைக் காட்டி, "ப-ழ-ம்" என்றாள். நாக்கை எப்படி மடிப்பது என்று தன் வாயைத் திறந்து காட்டினாள். அம்மா "பளம்" என்றாள். டீச்சர் விடவில்லை. மறுபடி, மறுபடி. அம்மா ஒரு கட்டத்தில் கையை உயர்த்தி நிறுத்திவிட்டு நீளமாக ஏதோ சொன்னாள். டீச்சருக்குப் பிடிபடவில்லை. எனக்குப் பிடிபட்டுச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சொல்ல வாயெடுத்தேன். டீச்சர் என் பக்கம் விரலை நீட்டி அடக்கினாள்.

"அம்மே, ஒண்ணுகூடி, இன்னொரு தடவ சொல்லுங்க."

அம்மா கட்டங்களில் விரல் வைத்து, ஒவ்வொன்றாக, மூச்சு வாங்கிச் சொன்னாள்.

"எங்க... லைன்ல... நல்ல... நாக்கு... உள்ளவளும்... பளம்னுதான்... சொல்லுவா... டீச்சரே."

டீச்சர் மேசையில் கையை அடித்துச் சிரித்தாள். அடுத்த அறையிலிருந்து நர்ஸ் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். அம்மாவின் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நான் எப்படி எழுதுவது? விழுந்த நாளிலிருந்து அவளைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. அவள் சொன்னதற்குச் சிரித்த முதல் ஆள் அந்த டீச்சர்தான்.

அந்தச் சிரிப்பு டேப்பில் பதிந்திருந்தது. பயிற்சி முடிந்தபோது கேசட்டை எங்களுக்கே கொடுத்துவிட்டாள். பல வருஷம் வைத்திருந்தோம். நான் வேலை கிடைத்து வீடு மாறியபோது ஏதோ ஒரு பெட்டியோடு போய்விட்டது. தேடாத இடமில்லை.

டிக்கெட் பாடமும் நடந்தது. சித்தி வீட்டு வாசலில் நான் கண்டக்டராக நிற்பேன். அம்மா கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சேலைமேல் விரலால் தட்டித் தட்டிச் சொல்லிப் பழகினாள். ஒரு காலை உண்மையான பஸ்ஸில், உண்மையான கண்டக்டரிடம், "ரெண்டு... மெடிக்கல்... காலேஜ்" என்றாள். அந்த மனிதர் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. டிக்கெட்டைக் கிழித்துக் கையில் வைத்துவிட்டு, சில்லறைப் பையைக் குலுக்கிக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நகரத்தில் எங்களுக்குக் கிடைத்த மிகப்பெரிய மரியாதை அதுதான்.

மழை குறைந்த பிறகு மலைக்குத் திரும்பினோம். முடி இரண்டு விரற்கடை வளர்ந்திருந்தது. லைனே வாசலுக்கு வந்தது. வந்தவர்கள் எல்லோரும் என்னிடம் பேசினார்கள்.

"அம்மா சாப்பிடுதாளா, மக்கா?"

"அவளுக்கு ஆள் அடையாளம் தெரியுதா?"

அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பதில் சொல்ல மூச்சை இழுப்பாள். அவள் முதல் சொல்லை எடுக்குமுன் கேட்டவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். அப்பா இன்னும் மோசம். யார் வந்தாலும் எழுந்து குறுக்கே நின்று, "அவளுக்கு முடியல, படுக்கட்டும்" என்பார். காக்கிறோம் என்றுதான் அவர் நினைத்தார். இன்று எனக்கு அது தெரிகிறது. அன்று அவரைப் பார்க்கவே எரிச்சலாக இருக்கும்.

வாரம் ஒருமுறை வருகிற எஸ்டேட் டாக்டர் வந்து பார்த்தார். கேள்வி கேட்டார். அம்மாவின் பதிலுக்கு முன்பே கடிகாரத்தைப் பார்த்தார். ஓர்மைக் குறைவு, வேலைக்கு லாயக்கில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். ஓர்மை என்றால் ஞாபகம். மேனேஜர் அப்பாவைக் கூப்பிட்டு, அம்மாவின் பெயரை வேலைப் பதிவிலிருந்து எடுத்துவிடலாம், டவுன் ஆபீசிலிருந்து ஆபீசர் வந்து பார்த்து முடிவு செய்வார் என்றார். லைன் வீடு அப்பா பேரில் இல்லை, அம்மாவின் பேரில் இருந்தது. அதையும் விடவேண்டி வரும்.

அப்பா அன்று சாயங்காலம் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து, பேசத் தெரியாத மனிதர் பேசுவதைப் போல, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஊருக்குப் போயிருவோம்ட்டி. எங்க அண்ணன் வயலு இருக்கு. அங்கன்னா உன்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாவ. நிம்மதியா இருக்கலாம்."

அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். முழங்காலில் விரலைத் தட்டினாள்.

"கேக்கணும்" என்றாள்.

ஒரே சொல். ஓர் எழுத்துகூடக் குழறவில்லை. அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

ஆபீசர் ஒரு செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொல்லியனுப்பினார். அம்மா காலையிலேயே குளித்து, மாம்பழ நிறச் சேலை கட்டி, தலையில் முடி கொஞ்சமே இருந்தாலும் கிளிப் குத்திப் பூ வைத்து, எஸ்டேட் ஆபீஸ் வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். நானும் அப்பாவும் இரண்டு பக்கமும். மத்தியானச் சங்கு ஊதியது. கொழுந்தை எடைபோட்டுவிட்டுப் பெண்கள் வீட்டுக்குப் போனார்கள். ஆபீசர் வரவில்லை. ஏன் என்றும் யாரும் சொல்லவில்லை. அம்மா வீட்டுக்கு வந்து பூவை எடுத்துச் சாமி படத்துக்குப் போட்டாள்.

அடுத்த செவ்வாய் வந்தார். கறுப்பு ஃப்ரேம் கண்ணாடி, சுத்தமான வெள்ளைச் சட்டை. மேனேஜர் ஒரு பக்கம், எஸ்டேட் டாக்டர் ஒரு பக்கம். எதிரே நாங்கள் மூவர். அறையில் ஈரக் காகித வாடை. ஜன்னலுக்கு வெளியே கொழுந்து நிறுக்கும் கொட்டகை. பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஜன்னல் கம்பியில் முகம் வைத்து நின்றார்கள். யாரும் அவர்களை விரட்டவில்லை.

ஆபீசர் என்னைப் பார்த்து, "குட்டி சொல்லட்டே. அம்மைக்கு இப்ப எப்படி உண்டு?" என்றார்.

அம்மா என் தொடையில் கை வைத்து அழுத்தினாள். சும்மா இரு என்று அர்த்தம்.

"நான்... பேசுறேன்... சாரே."

அவர் புருவத்தை உயர்த்தினார். சரி என்று பேர் கேட்டார். சொன்னாள். ஊர் கேட்டார். சொன்னாள். எத்தனை பிள்ளைகள் என்றார்.

"ஒரு... பொ..."

"பொடியனா?" என்றார் ஆபீசர், உதவுகிற மாதிரி.

"பொண்ணு" என்றாள் அம்மா. ஜன்னலில் யாரோ மூக்கால் சிரித்தார்கள்.

ஒவ்வொரு பதிலுக்கும் நேரம் எடுத்தது. அவள் விரல் முழங்காலில் கட்டம் கட்டமாக நகர்ந்தது. மேனேஜர் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். டாக்டர் ஆபீசர் பக்கம் சாய்ந்து, "கண்டில்லே, ஓர்மைக் கொறவு" என்று, பார்த்தீர்களா என்கிற மாதிரி, முணுமுணுத்தது எங்களுக்கும் கேட்டது. அப்பா துண்டை இரண்டு கையாலும் முறுக்கினார்.

ஆபீசர் தலையாட்டிவிட்டு, குரலை உயர்த்தி, குழந்தையிடம் கேட்பதுபோல் கேட்டார். "இன்னைக்கு எந்தக் கிழமை? சொல்லு, பாக்கட்டும்."

"செவ்வா" என்றாள்.

அவர் எழுதக் குனிந்தார். அம்மா உள்ளங்கையை உயர்த்திக் காட்டினாள். இன்னும் முடியவில்லை. அவர் பேனா நின்றது. அம்மா வயிறு நிறைய மூச்சை இழுத்தாள்.

"போன... செவ்வா... வாறேன்னு... சொன்னீங்க."

மூச்சு.

"ஒரு வாரம்... கழிச்சு... வந்திருக்கீங்க."

மறுபடி மூச்சு. எல்லோரும் அவளுக்காகக் காத்திருந்தார்கள்.

"என்... நாக்கைவிட... நீங்க... மெதுவு... சாரே."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். வேலை போயிற்று, வீடும் போயிற்று என்று நினைத்தாராம். பின்னாளில் அவரே சொன்னார். ஜன்னல் பக்கம் சிரிப்பு வெடித்தது. அந்தப் பெண்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி கீழே உட்கார்ந்தே விட்டாள். டாக்டர் கைக்குட்டையால் வாயை மூடினார். மேனேஜர் முகம் செங்கல் நிறமானது.

ஆபீசர் மட்டும் சிரிக்கவில்லை. மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார்.

"போன செவ்வாய் நான் வரேண்டியிருந்ததா?"

"அதே, ஆமா சார்."

"எனக்கே ஓர்மை இல்ல." கண்ணாடியைக் கழற்றினார். அம்மாவைச் சுட்டிக்காட்டினார். "இவருக்கு ஓர்மை உண்டு."

சொன்ன பிறகுதான் அவருக்கும் சிரிப்பு வந்தது. தோள் குலுங்கச் சிரித்தார். டாக்டரிடம், "இதுக்கா ஓர்மைக் கொறவுன்னு சொன்னது?" என்று கேட்டார். டாக்டர் கைக்குட்டையை மடிக்கத் தொடங்கினார்.

அப்புறம் ஆபீசர் குரலைத் தாழ்த்தி, என்னைப் பார்க்காமல், அப்பாவைப் பார்க்காமல், அம்மாவிடம் கேட்டார். "நிங்களால என்ன வேலை செய்ய முடியும்? நிங்களே சொல்லுங்க. மெல்லச் சொன்னா போதும்."

அம்மா சொன்னாள். சரிவில் ஏற முடியாது, கால் நிற்காது. நர்சரியில் உட்கார்ந்து செய்யும் வேலை முடியும். பையில் மண் நிரப்பலாம், நாற்று நடலாம், கை நன்றாக இருக்கிறது. இதைச் சொல்லி முடிக்க அவளுக்கு வெகுநேரம் ஆனது. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

அடுத்த திங்கட்கிழமை அவள் நர்சரிக்குப் போனாள். வயது நிறைந்து ஓய்வு பெறும்வரை அங்கேதான் வேலை பார்த்தாள். எங்கள் வீடு எங்களுக்கு நின்றது. பேச்சு பழையபடி வரவில்லை. டாக்டர் சொன்னது சரிதான். களைத்த நாளில் குழறும், குளிரில் இன்னும் குழறும். சாகும்வரை அவளுக்கு வேகம் திரும்பவில்லை. ஆனால் லைனில் ஒரு தகராறு என்றால், பள்ளிக்கூடத்தில் ஒரு பிரச்சினை என்றால், மறுபடி அவளைத்தான் முன்னால் நிறுத்தினார்கள். நான் நகரத்து ஹாஸ்டலில் சேர்ந்தபோது வார்டன் முன்னால் உட்கார்ந்து எனக்காகப் பேசியவளும் அவள்தான். வார்டன் பாதியில் குறுக்கிட்டாள். அம்மா உள்ளங்கையை உயர்த்தினாள். வார்டன் வாயை மூடிக்கொண்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். ஆபீசிலிருந்து நாங்கள் லைனுக்கு வருவதற்குள் செய்தி முந்திக்கொண்டு வந்துவிட்டது. ஜன்னலில் இடம் கிடைக்காதவர்கள், ஃபேக்டரி ஷிஃப்டில் இருந்தவர்கள், பிள்ளையை இடுப்பில் வைத்தவர்கள் எல்லோரும் குழாயடியில் வழிமறித்தார்கள். வழக்கம்போல அம்மாவை விட்டுவிட்டு அப்பாவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்ன அண்ணாச்சி நடந்துச்சு? மயினி என்ன சொன்னாவளாம்? சொல்லுங்க!"

அப்பா எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அவர் நெஞ்சை நிமிர்த்தி நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"என்கிட்ட ஏன் கேக்கீங்க?" என்றார். "பேசினவ அந்தா நிக்கா. அவகிட்டக் கேளுங்க."

கூட்டம் திரும்பியது. யாரோ துவைக்கிற கல்லைத் துடைத்து அம்மாவை உட்காரவைத்தார்கள். அம்மா முழங்காலில் விரலை வைத்தாள். தூறல் விழத் தொடங்கியிருந்தது. சோறு ஆறிக்கொண்டிருந்தது. ஒருத்திகூட நகரவில்லை.